சேர்வராயன் மலையடியில் ஒரு பெருந்தொகையின் கணக்கு

சேர்வராயன் மலை ஆங்கிலேயர் கைக்குப் போனது அதன் குளிருக்காகவோ காப்பிக்காகவோ அல்ல. மூன்றாம் மைசூர்ப் போரின் கணக்கு தீர்க்கப்பட்டபோது, சேலத்துச் சமவெளியோடும், தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகாலோடும் சேர்ந்து அதுவும் கைமாறியது. 1792 மார்ச்சில் முடிவான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இரண்டு விலை கொடுத்தார். தம் நாட்டில் பாதி ஒன்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் மற்றொன்று. அந்தப் பணத்தில் பாதியை உடனே கட்ட வேண்டும், மீதியை நான்கு மாதத்துக்கு ஒன்றாக மூன்று தவணைக்கு மேற்படாமல் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பணம் வந்து சேரும்வரை பிணையாகப் பத்து வயதையும் எட்டு வயதையும் ஒட்டிய இரண்டு மகன்கள், அப்துல் காலிக்கும் முயிசுதீனும், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 1794-ல்தான் அவர்கள் வீடு திரும்பினார்கள். பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்ட காட்சியை அந்தக் கால ஆங்கில ஓவியர்கள் பலர் வரைந்தார்கள். அழும் முகங்களும் யானைகளும் கூடாரங்களும் அந்த ஓவியங்களில் உண்டு. பிள்ளைகளைப் பிடித்துவைக்கக் காரணமான தொகையை எந்தத் தூரிகையாலும் காட்ட முடியவில்லை. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு அரசின் வரவு செலவைப் படிக்கும் நமக்கும் அதே சிக்கல்தான் இருக்கிறது. தொகையை வாசித்துவிடுகிறோம், அது எவ்வளவு என்பது மட்டும் மனத்தில் ஏறுவதில்லை.

பெருந்தொகையைப் புரியவைக்க எல்லோரும் முதலில் கையாளும் வழி, அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக மாற்றுவது. இங்கும் அதைச் செய்து பார்க்கலாம். பின்னாளில் கம்பெனி நிலைப்படுத்திய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அந்தக் கணக்கில் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் என்பது ஏறத்தாழ 385 டன் வெள்ளி. ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் என்று கொண்டால், 3,850 மாடுகள் வரிசையாகக் கணவாய் இறங்கி வர வேண்டும். மறக்க முடியாத படம்தான். ஆனால் அதிலிருந்து நமக்குத் தெரிவது வெள்ளியின் எடை மட்டுமே. அந்தப் பணம் மைசூருக்குப் பெரிய பாரமா, சமாளிக்கக்கூடியதா, கஜானாவிலிருந்து வந்ததா, குடியானவன் வீட்டுக் குதிரிலிருந்து வந்ததா என்ற எந்தக் கேள்விக்கும் மாட்டு வரிசையில் பதில் இல்லை. ரூபாய் நோட்டை நிலவு வரை அடுக்கிக் காட்டும் இன்றைய விளக்கங்களும் இதே இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. தொகை பெரியது என்று முன்பே தெரிந்திருந்தது. படத்தைப் பார்த்த பிறகும் தெரிந்திருப்பது அதுதான்.

அதே தொகையைத் திப்புவின் ஆண்டு வருமானத்தின் பக்கத்தில் வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. நாட்டைப் பாதியாகப் பிரிக்கும்போது கணக்கில் கொள்ளப்பட்ட மொத்த வருவாய் சுமார் 2 கோடியே 37 லட்சம் ரூபாய். பறிபோன பாதியைக் கம்பெனியும் நிஜாமும் மராட்டியரும் ஆளுக்கு முப்பத்தொன்பதரை லட்சம் வருமானமுள்ள பகுதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆகவே திப்பு கையில் மிஞ்சியது ஆண்டுக்கு 1 கோடியே 18 லட்சத்துக்குச் சற்று மேல். கட்ட வேண்டிய தண்டமோ மிஞ்சிய நாட்டின் வருமானத்தைப் போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. அதைக் கட்டக் கிடைத்த அவகாசம் சுமார் ஓராண்டு. இந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் பிள்ளைகளைப் பிணையாகக் கேட்டது ஏன் என்பது விளங்குகிறது. சாதாரண வரியால் இந்தத் தொகையைத் திரட்டவே முடியாது என்பது வாங்குபவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மைசூர் வரலாற்றை எழுதிய வில்க்ஸ் சொல்கிறார். கஜானாவிலிருந்து ஒரு கோடியே பத்து லட்சம், படையினர் தரும் காணிக்கையாக அறுபது லட்சம், மீதி ஒரு கோடியே அறுபது லட்சம் அதிகாரிகளிடமும் குடிமக்களிடமும் வசூல் என்று திட்டம் போடப்பட்டதாம். அதாவது தண்டத்தில் ஏறத்தாழ பாதி, போரை அறிவிக்கவோ நிறுத்தவோ செய்யாதவர்கள் தலையில் விழுந்தது.

ஒரு பெருந்தொகையைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து. எவருடைய வருமானத்தில் அது எத்தனை பங்கு? எவ்வளவு காலத்துக்குள்? கடைசியில் அது எந்தக் கையில், எந்த நிலத்தில், எந்த அளவில் போய் இறங்குகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கோடி என்ற சொல் மிரட்டுவதை நிறுத்திவிடும். கிடைக்காவிட்டால் எத்தனை சுழியம் என்று எண்ணத் தெரிந்தும் பயனில்லை. இதற்கு நான் சேலத்தையும் அதன் தலைக்கு மேல் நிற்கும் சேர்வராயனையும் சான்றாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. இந்த மூன்றாவது கேள்விக்கு, எந்த நிலத்தில் என்ற கேள்விக்கு, சென்னை ராஜதானியில் முதன்முதலாகப் புலம் புலமாகப் பதில் எழுதப்பட்டது இந்த மலைகளின் அடிவாரத்தில்தான்.

புதிதாகக் கிடைத்த நாட்டை நிர்வகிக்க கார்ன்வாலிஸ் வருவாய் அதிகாரிகளை அனுப்பவில்லை. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியை அனுப்பினார். அவருக்குத் துணையாக மூவர்: தர்மபுரியில் தாமஸ் மன்றோ, கிருஷ்ணகிரியில் கிரஹாம், சேலத்தை உள்ளிட்ட தென்பகுதியில் மக்ளியோட். மேலிடத்துக்குத் தேவைப்பட்டது ஒரு தொகை: இந்த நாடு ஆண்டுக்கு எவ்வளவு தரும் என்பது. ரீட் அந்தத் தொகையை மேலிருந்து ஊகிக்காமல் கீழிருந்து கட்ட முனைந்தார். சங்கிலி பிடித்து வயல்களை அளந்தார்கள். நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்தார்கள்; மண்ணின் தரம் பார்த்தார்கள்; கணக்குப்பிள்ளையின் ஏட்டையும் குடியானவர் சொல்வதையும் ஒப்பிட்டார்கள். வேலை பல ஆண்டுகள் நீண்டது. கம்பெனியின் கணக்கு அப்போது வராகனில் இருந்தது: எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன், மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன். லட்சக்கணக்கான வராகன் என்று சென்னைக்குப் போன அறிக்கையின் அடியில், இன்னாருடைய இன்ன புலத்துக்கு இத்தனை பணம், இத்தனை காசு என்ற வரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1796 டிசம்பர் 10-ஆம் நாள் ரீட் வெளியிட்ட அறிவிப்பு இதைக் குடியானவருக்கு நேராகச் சொன்னது. புலத்துக்கான தீர்வை நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. நன்றாகப் பாடுபட்டு அதிகம் விளைவித்தாலும் அது ஏறாது. வேண்டாத நிலத்தை விட்டுவிடலாம், வேண்டிய நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். பின்னால் ரயத்துவாரி என்று பெயர் பெற்று ராஜதானியின் பெரும்பகுதிக்குப் பரவிய முறைக்கு இது முதல் சாசனம்.

இதில் நான் மதிக்கும் செய்தி வரியின் அளவு அல்ல, எழுதப்பட்ட விதம். பெருந்தொகைக்கும் சிறுதொகைக்கும் இடையே ஏறவும் இறங்கவும் படி இருந்தது. மேலே நிற்பவர் எந்த லட்சத்தையும் பிரித்துக்கொண்டே கீழே வந்தால் ஒரு வரப்பில் நிற்பார். கீழே நிற்பவர் தன் காசைக் கூட்டிக்கொண்டே போனால் கவர்னரின் அறிக்கையில் நிற்பார். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் அதிகாரி முன்னால் விரிக்கப்பட்டபோது, குடியானவருக்குப் புரியாத எண் எதுவும் அவர் முன்னால் வைக்கப்படவில்லை. கிஸ்தி கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் அது அவருக்குத் தெரியும். முறையிட்டால் நியாயம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. பல சமயம் கிடைக்கவில்லை. ஆனால் எதைப் பற்றி முறையிடுகிறோம் என்பதில் ஐயம் இருக்கவில்லை.

படியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேலமே காட்டியது. வங்காளத்து நிரந்தரத் தீர்வையின் மேல் கம்பெனிக்கு மோகம் பிறந்தபோது, 1802-க்குப் பிறகு சில ஆண்டுகளில் ரீட் அளந்த நிலங்களை மூட்டை மூட்டையாகக் கட்டி மிட்டாக்கள் என்று ஏலம் விட்டார்கள். மிட்டா ஒன்றுக்கு ஒரே தொகை. அதற்குள் எந்த வயல் எவ்வளவு தாங்கும் என்பது வாங்கியவர் பாடு. காகிதத்தில் அது மிகவும் எளிய கணக்கு. நடைமுறையில் பல மிட்டாதாரர்கள் தொகையைக் கட்ட முடியாமல் முறிந்தார்கள். மிட்டாக்கள் அரசிடமே திரும்பி வந்தன. மறுபடியும் புலவாரிக் கணக்குக்கு வர நேர்ந்தது. மொத்தத் தொகை சரியாகத்தான் இருந்தது. அதைத் தாங்க வேண்டிய நிலங்கள் ஒன்றுபோல் இல்லை என்பது அந்தத் தொகையில் தெரியவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். புலவாரிக் கணக்கு குடியானவருக்காக எழுதப்பட்டதல்ல, அவரிடமிருந்து ஒரு காசும் தப்பாமல் கறப்பதற்காக எழுதப்பட்டது. சிறு அலகு என்பது ஆள்பவனின் கருவி. இதை நான் மறுக்கவில்லை. ரீட்டின் தீர்வை பல இடங்களில் கடுமையாகவே இருந்தது. அந்தக் கருவி எவ்வளவு கொடூரமாகப் பயன்படும் என்பதற்கு 1876-78 தாது வருடப் பஞ்சத்தைவிடப் பெரிய சான்று இல்லை. பஞ்சம் சென்னை ராஜதானியைத் தின்றுகொண்டிருந்தபோது, செலவைக் கட்டுப்படுத்த வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அரை அணாவும் போதும் என்று தீர்மானித்தார். அதற்கு முன் கொடுக்கப்பட்டது ஒன்றரைப் பவுண்டு. குறைக்கப்பட்ட அரைப் பவுண்டு தானியம் என்பது சுமார் 227 கிராம். நிவாரண வேலைகளில் அப்போது இருந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பத்து லட்சம் வயிற்றிலிருந்து நாளுக்கு 227 கிராம் எடுத்தால், அரசுக்கு நாளுக்கு 227 டன் தானியம் மிச்சம். டெம்பிளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்திருந்தது. ராஜதானியின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவில் வேலை செய்யும் மனிதன் பிழைக்க முடியாது என்று விடாமல் எதிர்த்தார். சாவு பெருகிய பிறகு சில மாதங்களில் அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சம், 1881-ல் 16 லட்சம். ஐந்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்திருந்தார்கள்.

ஆயினும் அந்தப் பஞ்சத்தின் கணக்கிலிருந்தே மறுப்புக்கு விடையும் கிடைக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் அந்தப் பஞ்ச நிவாரணத்துக்கு அரசு செலவிட்டது எட்டே கால் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் என்பது அரசு ஆவணங்களின் கணக்கு. அந்தக் காலத்தில் இது மலைக்க வைக்கும் தொகை. கருணைக்குச் சான்றாகவும் ஊதாரித்தனத்துக்குச் சான்றாகவும் இரு தரப்பும் எடுத்துக்காட்டிய தொகை. அதே ஆவணங்கள் எத்தனை பேர், எத்தனை நாள் என்பதையும் சொல்கின்றன: ஒருவருக்கு ஒரு நாள் என்ற அலகில் எழுபது கோடி. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு. எட்டே கால் கோடி என்று சொன்னால் அரசு அள்ளிக் கொடுத்தது போல் இருக்கிறது. இரண்டு அணாவுக்குள் என்று சொன்னால் மண்வெட்டி பிடித்த கை எவ்வளவு மெலிந்திருக்கும் என்பது தெரிகிறது. டெம்பிள் பயன்படுத்திய அதே வாய்ப்பாடுதான், எதிர்த்திசையில். சிறு அலகு ஆள்பவனிடம் மட்டும் இருந்தால் அது கத்தி என்பது உண்மை. அதை ஒழித்துவிடுவது தீர்வாகாது. ஆளப்படுபவரிடமும் அது இருக்க வேண்டும். மன்றோ 1807-ல், வேறொரு பகுதியில், தாம் அளந்த நிலங்களின் தீர்வையைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். புலம்வரை இறங்கிக் கணக்குப் பார்த்த ஒருவருக்குத்தான் எவ்வளவு அதிகம், எங்கே அதிகம் என்று சொல்ல முடிந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட நாகரிகமானது. இவ்வளவு பெரிய தொகைகளைச் சாதாரண மக்கள் புரிந்துகொள்ளத் தேவையில்லை, அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது. பஞ்சம் தணிந்த கையோடு அதே லிட்டன் தொடங்கிய இரண்டாம் ஆப்கான் போரை இதற்குப் பதிலாக வைக்கலாம். அரசின் நிதி உறுப்பினர் சர் ஜான் ஸ்ட்ராச்சி அந்தக் காலத்தின் மிகச் சிறந்த நிதி நிர்வாகிகளில் ஒருவர். 1880-இல் அவர் சொன்ன போர்ச் செலவு சுமார் அறுபது லட்சம் பவுன். சில மாதங்களுக்குள் கருவூலங்கள் எதிர்பாராத வேகத்தில் காலியாவது தெரிந்து, தோண்டிப் பார்த்தபோது செலவு அந்த மதிப்பீட்டைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஆயிற்று. பணம் திருடப்படவில்லை. தணிக்கை முடிந்து மேலே வந்த ரசீதுகளைக் கூட்டி மதிப்பிட்டார்களே தவிர, போர்முனைக்கு முன்பணமாக ஒவ்வொரு கருவூலத்திலிருந்தும் நாள்தோறும் என்ன வெளியேறுகிறது என்று எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இத்தனை பெரிய பிழையைத் தேர்ந்தவர்களே கவனிக்காமல் விட்டதற்குக் காரணம் அறிவுக்குறை அல்ல. உயரத்தில் நின்று பார்க்கும்போது அறுபது லட்சமும் ஒன்றே முக்கால் கோடியும் ஒரே மாதிரிப் பெரிய எண்களாகத் தெரிகின்றன. ஒரு மாவட்டக் கருவூலத்தின் கணக்கில் மூன்று மடங்கு வித்தியாசம் ஒரு குமாஸ்தாவின் கண்ணைக்கூட உறுத்தியிருக்கும்.

பணத்தின் மதிப்பே மாறிவிட்டது, பழைய கோடியோடு புதிய கோடியை எப்படி ஒப்பிடுவது என்று கேட்பவர்களும் உண்டு. நேராக ஒப்பிடக் கூடாது என்பது சரி. ஒவ்வொரு தொகையையும் அதன் காலத்து வருமானத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். வானம் தெளிந்த நாளில் சேர்வராயன் மேலுள்ள ஏற்காட்டின் மேற்கு விளிம்பிலிருந்து தெரியும் மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அந்த அணைக்கு ஆன செலவு 4 கோடியே 80 லட்சம் ரூபாய் என்பதை இன்று படிப்பவர் சிரித்துவிட்டுப் போகிறார். சென்னை மாகாணத்தின் ஆண்டு வருவாயே பதினாறு, பதினேழு கோடி அளவில்தான் இருந்தது என்று சேர்த்துச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். ஓராண்டு வருவாயில் கால் பங்குக்கு மேல் ஒரே ஒரு கல் சுவரில் போடப்பட்டிருக்கிறது. இதே அளவுகோலைப் பிடித்தால், 1937 அக்டோபர் 1-ஆம் நாள் ராஜாஜி மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கிப் பார்த்ததன் காரணமும் புரியும். மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கள், சாராயத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அதாவது கைவிட வேண்டிய தொகை ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒரு மேட்டூர் அணை. அதை ஒரேயடியாகக் கைவிடும் துணிச்சல் எந்த நிதியமைச்சருக்கும் வராது. ஒரு மாவட்டத்தின் அளவில் அதை எடைபோடலாம். இழந்ததை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது, கடைக்காரர்கள் கொதித்தார்கள், வாதம் நடந்தது. தொகை பெரிதானாலும் எதற்கு ஈடாக எது என்பது அந்த வாதத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி நம் காலத்துத் தொகைகளுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2025 மார்ச் இறுதியில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 8,33,361 கோடி ரூபாயாக இருக்கும் என்று மதிப்பிட்டது. அதே ஆண்டுக்கு மதிப்பிட்ட வருவாய் வரவு 2,99,010 கோடி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 2.79 வருகிறது. திப்புவின் தண்டத்தை அவருக்கு மிஞ்சிய நாட்டின் வருமானத்தால் வகுத்தபோது வந்த எண்ணும் அதுவேதான், இரண்டே முக்காலுக்குச் சற்று மேல். இந்த ஒற்றுமையை வைத்து மாநிலம் திவாலாகிறது என்று எவராவது சொன்னால் அது தவறு. என் இரண்டாவது கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது. திப்பு ஓராண்டுக்குள் கட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாடு பல பத்தாண்டுகளில் கட்டுகிறது, கட்டக் கட்டப் புதிதாக வாங்கவும் செய்கிறது. ஆகவே இந்தக் கடனின் உண்மையான பாரத்தை மொத்தத் தொகையில் தேடக் கூடாது, ஆண்டு வட்டியில் தேட வேண்டும். அந்த ஆண்டு வட்டிக்கு ஒதுக்கியது 63,722 கோடி. வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் 21 காசு, பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ சாலைக்கோ போகும் முன்னே வட்டிக்குப் போய்விடுகிறது. 8,33,361 கோடி என்ற எண்ணை வைத்து மிரட்டவும் முடியும், அலட்சியப்படுத்தவும் முடியும். 21 காசை வைத்து இரண்டையும் செய்ய முடியாது; அது அதிகமா, தாங்கக்கூடியதா, அந்தக் கடன் எதைக் கட்டியது என்று நிதானமாகப் பேசத்தான் முடியும்.

பெருங்கடனை மக்களுக்குப் புரியவைக்க நேர்மையாக ஒரு முயற்சி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடனை 2.16 கோடிக் குடும்பங்களால் வகுத்து, ஒவ்வொரு குடும்பத்தின் மேலும் 2,63,976 ரூபாய்க் கடன் இருக்கிறது என்று சொன்னது. அந்த ஒரு எண் எல்லோர் வாயிலும் புழங்கியது. கோடிகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது அதன் பெருமை. ஆனால் மிட்டா ஏலத்தில் நடந்த அதே பிழை இதிலும் ஒளிந்திருக்கிறது. சேர்வராயன் சரிவில் சாமையும் தினையும் விதைத்து, காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கும், அந்தத் தோட்டத்தின் உரிமையாளருக்கும் ஒரே 2,63,976. எவர் எவ்வளவு வரி தருகிறார், வாங்கிய கடனில் எவர் பக்கம் எவ்வளவு வந்தது என்பதைச் சராசரி சமன் செய்து மறைத்துவிடுகிறது. ஜனநாயகத்தில் தலைக்குச் சமமாக வகுப்பதுதானே நியாயம் என்று கேட்கலாம். வாக்குக்கு அது நியாயம். கடனும் செலவும் தலைக்குச் சமமாக விழுவதில்லை என்பதால் கணக்குக்கு அது பொருந்தாது. ரீட் பாராமகாலின் மொத்த வருவாயைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். அந்தக் கணக்கு எவருக்கும் உதவியிருக்காது.

இதற்கு மாறாக, செலவு உண்மையில் இறங்கும் அலகில் பார்த்தால் எவ்வளவு தெளிவு வருகிறது என்பதற்குச் சேர்வராயனின் கிழக்கு அடிவாரமே சான்று. 2018-ல் அறிவிக்கப்பட்ட சென்னை – சேலம் எட்டு வழிச் சாலை மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கமாக இறங்கி, அச்சாங்குட்டப்பட்டி போன்ற ஊர்களின் வயல்களை ஊடுருவிச் சேலத்தை அடைவதாகத் திட்டம். நீளம் 277 கிலோமீட்டர், மதிப்பீடு 10,000 கோடி. பத்தாயிரம் கோடி என்பது உருண்டையான, எவர் மனத்திலும் ஒட்டாத எண். கிலோமீட்டருக்கு 36 கோடி, ஒரு மீட்டருக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று எழுதிப் பார்க்கலாம். வெள்ளை அறிக்கை ஒரு குடும்பத்தின் தலையில் வைத்த கடன் முழுவதும் அந்தச் சாலையில் முக்கால் மீட்டர்கூட வராது. நாடு தழுவிய பாரத்மாலாத் திட்டத்தின் முதல் கட்டம் 34,800 கிலோமீட்டருக்கு 5,35,000 கோடி. சராசரி கிலோமீட்டருக்குப் பதினைந்தரைக் கோடி. நம் சாலை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இதனாலேயே அது வீண் செலவு என்று ஆகிவிடாது. புதுத் தடம், அகலம், மலை, நிலத்தின் விலை எல்லாம் அதில் உண்டு; பல பழைய சாலைகளை அகலப்படுத்தும் செலவும் அந்தச் சராசரியில் கலந்திருக்கிறது. ஆனால் ஏன் இரு மடங்கு என்ற கேள்வி மீட்டர்க் கணக்கு வந்த பிறகுதான் பிறக்கிறது. பத்தாயிரம் கோடியிடம் எதையும் கேட்க முடியாது.

அந்த ஊர்களின் குடியானவர்கள் இதைத் தங்கள் வழியில் செய்தார்கள். அவர்கள் பத்தாயிரம் கோடியைப் பற்றி வாதாடவில்லை. எந்தப் புல எண்ணில் எத்தனை செண்ட் போகிறது, தென்னைக்கு என்ன மதிப்பு, கிணற்றுக்கு என்ன மதிப்பு, இந்த விலையில் வேறு எங்கே நஞ்சை வாங்க முடியும் என்று கேட்டார்கள். நில அளவையரின் கல் நடப்பட்ட நாளிலிருந்து வழக்குமன்றம்வரை அந்தக் கேள்விகள் போயின. 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புகளைப் பெரும்பாலும் செல்லும் என்றது. ஆயினும் எடுப்பு முடியும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயரை மாற்றியது தவறு என்றும் சொன்னது. இந்த வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். திட்டத்தின் அளவை மிகத் துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தவர்கள் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பட்டாவையும் சிட்டாவையும் கையில் வைத்துக்கொண்டு பேசியவர்கள்தான்.

இன்றும் ஏற்காடு தாலுகாவில் பசலி முடிவில் ஜமாபந்தி நடக்கிறது. நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மஞ்சக்குட்டை ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாட்களில் ஊராட்சியின் வரவும் செலவும் மக்கள் முன் வைக்கப்படுகின்றன. அங்கே பேசப்படுவது ஆயிரங்களிலும் லட்சங்களிலும். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், அங்கன்வாடிச் சுவர் என்று எல்லாமே கண்ணால் பார்த்த பொருள்கள். கணக்குத் தவறாக இருந்தால் எழுந்து நின்று சொல்ல ஆள் உண்டு. அந்தப் படிக்கு மேலே போனால் அடுத்த படி இல்லை. சட்டமன்றத்தில் வாசிக்கப்படும் லட்சம் கோடிகளில் இந்த மலையின் அறுபத்தேழு ஊர்களுக்கு வந்தது எவ்வளவு, எந்த அலுவலகம் வழியாக வந்தது, இங்கிருந்து போனது எவ்வளவு என்று காட்டும் தாள் எந்தக் கிராம சபையிலும் வைக்கப்படுவதில்லை. ரீட் அந்தக் காலத்தில் சங்கிலியோடு பல ஆண்டு அலைய வேண்டியிருந்தது. இன்று மாநிலக் கருவூலத்திலிருந்து போகும் ஒவ்வொரு பட்டியலும் எந்த அதிகாரி எடுத்தார், எந்தத் தலைப்பில் எடுத்தார் என்ற விவரத்தோடு கணினியில் பதிவாகிறது. அதைத் தாலுகா வாரியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு முறை மே 1-ஆம் நாள் கிராம சபைக்கு அனுப்ப ஓர் அரசாணை போதும்.